கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
கழியூதா விளக்கு தன் வேலையை முடித்திருந்தது,
அதுதான் அநியாயம்.
நீல விளக்கு இன்னும் தொடங்கவேயில்லை.

இரண்டு தட்டு, தட்டுக்கு நாற்பது மிளகாய்க் கன்று.
உரும்பிராயில் நவரத்தினராசாவின் நாற்றுமேடையில்
எண்ணி வாங்கி, ஈரச்சாக்கில் சுற்றி,
சைக்கிள் கூடையில் நான்தான் கொண்டுவந்தேன்.
"காய்க்கிறதுக்கோ?" என்று கேட்டார்.
"இல்லை அண்ணை, காயப்படுத்திறதுக்கு."
ஒன்றும் பேசாமல்
இரண்டு கன்று கூடுதலாக வைத்தார்.

தர்மினியின் ஆய்வேட்டை
மூன்று தரம் போட்டோக்கொப்பி எடுத்தவள் நான்,
அதில் படித்தது:
டி.என்.ஏ ஏணியின் ஒரே காலில்
அடுத்தடுத்து நிற்கிற இரண்டு தைமின்,
கழியூதா பட்டால்
எதிர்க்காலில் நிற்கிற சோடியை விட்டிட்டு
ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும்.
அந்த இடத்தில் ஏணி கூனும்.
படியெடுக்க வருகிற இயந்திரம்
ஆஸ்பத்திரி வீதியில் காலை எட்டுமணி பஸ் மாதிரி
நின்றுவிடும்.

ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை.
தர்மினி கண்டி பஸ்ஸில், வவுனியா தாண்டி,
குரல் அறுந்து அறுந்து வந்தது:
"முதலாந் தட்டுக்கு... வெளிச்சம் வேணும் அக்கா.
வெயில் மட்டும்... படக்கூடாது."

வெயில் இல்லாத வெளிச்சத்துக்கு
நான் எங்கே போவேன்,
பங்குனி மாதத்துத் திருநெல்வேலியில்?

அப்போதுதான் வடக்கு யன்னலைப் பார்த்தேன்.
ஐந்து கண்ணாடி. ஆறாவது உடைந்து
பிஸ்கற் பெட்டி மட்டை அடித்திருக்கிறது.
கண்ணாடி, சுடுகிற கதிரை வாசலிலேயே மறித்து
நீலத்தை உள்ளே விடும்.
அதுவும் கொப்பியில் இருந்தது, நாற்பத்திரண்டாம் பக்கம்,
மை மங்கின பக்கம்.

தட்டைத் தூக்கி யன்னலடியில் வைத்தேன்,
மட்டைக்கு எட்டி.

அந்த நொதியம் இருட்டிலேயே
கூனின இடத்தைத் தடவிக் கண்டுபிடிக்கும்.
பிடித்தபடி காத்திருக்கும்.
ஒரு துணுக்கு நீலம் வந்ததும்
ஒரு இலத்திரனைக் கொடுக்கும்.
கட்டு அவிழும்.
அவிழ்ந்ததும் அதே இலத்திரனைத் திரும்ப வாங்கிக்கொண்டு
அடுத்த காயத்துக்குப் போகும்.

வட்டி இல்லை.
ஐந்து பெண்களைக் குழுவாக இருத்தி
ஆளுக்காள் பிணை கேட்பதில்லை.
செவ்வாய்தோறும் என் படலைக்கு வருகிற
லோன்காரப் பெடியனுக்கு இதைச் சொல்லவேணும்.

எங்களுக்கு அந்த நொதியம் இல்லை.
கங்காருவுக்கு இருக்கிறதாம்.
எலி மாதிரி ஏதோ ஒரு மூதாதை
இரவிலேயே திரிந்து திரிந்து
தொலைத்திருக்கலாம் என்கிறது அடிக்குறிப்பு.
எங்களுக்கு மிச்சம் மற்ற வழி:
பழுதான துண்டை வெட்டி எடுத்து
புதிதாக எழுதி ஒட்டுவது.
மெதுவான வேலை. இருட்டிலும் நடக்கும்.
கறுப்புத் துணிக்குள் இரண்டாந் தட்டு
இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கும்,
சைக்கிள் ஓடிக் கறுத்த என் புறங்கைகளும்.

இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் வந்தது.
பதிவுக் கொப்பியில் எழுதினேன்:
11.15 முதல் 2.40 வரை, யன்னல்.

வெள்ளிக்கிழமை தர்மினி வந்து
அந்த வரியை நெடுநேரம் பார்த்தாள்.
"எவ்வளவு வெளிச்சம் பட்டதெண்டு அளக்கேல்லையே அக்கா.
இந்தத் தட்டைக் கணக்கில எடுக்கேலாது."

கணக்கில் எடுக்காத நாற்பதையும்
வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிணற்றடியில் நட்டேன்.
முப்பத்தெட்டு நிமிர்ந்தது.
மற்ற இரண்டும் ஏன் நிமிரவில்லை என்பது
எந்தப் பக்கத்திலும் இல்லை.
விளக்கே காணாத, நவரத்தினராசா சும்மா தந்த இரண்டையும்
அந்த இடைவெளியில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பெடியன் வந்தான்.
மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றி,
"என்னக்கா, தோட்டமோ?" என்றான்.
கழுத்து சிவந்து உரிந்திருந்தது.

"வெயிலுக்கை நில்லாதை தம்பி," என்றேன்.
"உனக்கும் அந்த நொதியம் இல்லை."